வந்ததாகக் கையெழுத்திட்டேன்

சென்னை
11.2.1986

திரு. வேடியப்பன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கனீஸ் ஃபாத்திமா. சென்ற நவம்பரில் உங்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினாரே விசாரணை அதிகாரி ஆதிநாராயணன், அவருடைய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். உங்கள் மூன்று பக்க வாக்குமூலத்தைப் பிரெஞ்சு மொழியில் எழுதி ஜெனீவா நீதிமன்றத்துக்கு அனுப்புவது என் வேலை. அதிகாரியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் ஜவ்வாது மலைக் குடிநீர்த் திட்டத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஆறு போர் மிஷின்கள் வாங்கப்பட்டன. ஆறுக்கும் அரசாங்கம் பணம் கட்டியது. மலைக்கு வந்தவை இரண்டு மட்டுமே என்கிறது எங்கள் விசாரணை. மற்ற நான்குக்கான பணம் அப்போதைய மேற்பார்வைப் பொறியாளர் திரு. பஞ்சாட்சரத்தின் பெயரில் ஜெனீவாவில் ஒரு வங்கியில் இருக்கிறது. நம் அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் அங்குள்ள நீதிபதி அந்தக் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார். அதை நமக்குத் திருப்பித் தருவதற்கு அவருக்கு ஆதாரம் வேண்டும்.

உங்கள் வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘ஆறு இயந்திரங்கள் வந்ததாகக் கையெழுத்திட்டேன்.’ இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆறும் வந்தன, அதனால் கையெழுத்திட்டீர்கள் என்று ஒருவர் படிப்பார். வராததை வந்ததுபோல் காட்டிக் கையெழுத்திட்டீர்கள் என்று இன்னொருவர் படிப்பார். தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பிரெஞ்சு கொடுக்காது. நான் ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். எதை எழுதட்டும்?

இரண்டு வரி பதில் போதும். இதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று எங்கள் அதிகாரி தெரிவிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
கனீஸ் ஃபாத்திமா


அத்திக்கொல்லை, ஜமுனாமரத்தூர் வழி
24.2.1986

மொழிபெயர்ப்பாளர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் கீப்பர். இந்த மலையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். கிடங்கில் எதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. அந்த முறைப்படிதான் வாக்குமூலத்திலும் எழுதினேன். அதில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதற்கு மேல் அதிலிருந்து எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழில் உள்ளதைத் தமிழில் உள்ளபடியே அந்த நாட்டுக்கு அனுப்பினால் போதாதா? அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை?

இங்கே இப்போது புளி உலுக்கும் காலம். என் சம்சாரம் கெங்கம்மாளும் நானும் காலையில் மரத்தடிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருகிறோம். கிடங்கில் வேலை இல்லை. நான்கு வருடமாக அங்கே இருப்பது துருப்பிடித்த மிஷின் ஒன்று, காலிப் பீப்பாய்கள், என் நாற்காலி. ஆனாலும் தினம் பத்து மணிக்குத் திறந்து ஐந்துக்குப் பூட்ட வேண்டும். இடமாற்றம் கேட்டு மூன்று முறை மனு போட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு வேண்டுகோள். அரசாங்க உறையில் கடிதம் போடாதீர்கள். சிங்க முத்திரை பார்த்தால் பஸ் கண்டக்டரிலிருந்து தபால் எடுத்து வருகிறவர் வரை என்ன என்று கேட்கிறார்கள். என் மகள் அம்சவல்லி வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் யாருடையது என்று உங்கள் அதிகாரிக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வேடியப்பன்


பெரியமேடு, சென்னை
6.3.1986

ஐயா,

சாதாரண உறையில், என் வீட்டு விலாசம் போட்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பஞ்சாட்சரத்தின் மனைவி பெயரில் உள்ள பள்ளி. எனக்கு இது முன்னால் தெரியாது.

தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ் தெரிந்தவர் தேவையே இல்லாத ஒரு காகிதம் அங்கே இருக்கிறது. நீங்கள் 1979 நவம்பர் 19ஆம் தேதி கையெழுத்திட்ட சரக்கு வரவுச் சீட்டு. அதில் இருப்பது எண். ‘6’ என்று. பஞ்சாட்சரத்தின் வக்கீல் ஜெனீவாவில் அதைத்தான் நீட்டுகிறார். ‘இந்திய அரசாங்கத்தின் ஸ்டோர் கீப்பரே ஆறும் வந்துவிட்டன என்கிறார், பிறகு எங்கே திருட்டு’ என்று கேட்கிறார். நீதிபதி அதையே எங்களிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார். கோப்பு இதோடு மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் முறை, மொழிபெயர்ப்பு சரியில்லை என்று என்மேல் எழுதினார்கள். நான் பதினான்கு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். என்மேல் அப்படி யாரும் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 31ஆம் தேதி வரைக்கும்தான் கணக்கு முடக்கத்தில் இருக்கும். அதற்குள் நாம் விளக்கம் தராவிட்டால் வங்கி அதைத் திறந்துவிடும். ஒரே நாளில் பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. அத்தா தோல் மண்டி வைத்திருந்தார். தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும் என்று ஆலங்காயத்துக்குப் போவார். உங்கள் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அவர்கள் இத்தனை கட்டு என்று சொன்னால் அத்தா எண்ண மாட்டார். சொன்னால் சரியாக இருக்கும் என்பார். நான் மலைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

நீங்கள் கண்ணால் பார்த்தவை எத்தனை, ஐயா?

கனீஸ் ஃபாத்திமா


அத்திக்கொல்லை
28.3.1986

அம்மா,

உங்கள் கடிதம் எனக்கு வந்த நான்காம் நாள் ஒரு ஜீப் மேலே வந்தது. வந்தவன் ராஜாக்கண்ணு. முன்பு பஞ்சாட்சரம் சாருக்கு டிரைவர், இப்போது அவர் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர். கையில் ஸ்வீட் பொட்டலம்.

“இன்னா வேடியப்பா, மெட்ராஸ்ல இருந்து லெட்டர்லாம் வருதாமே?” என்றான்.

“சொந்தக்காரங்க எழுதறாங்க” என்றேன்.

“ஒனக்கு ஏதுய்யா மெட்ராஸ்ல சொந்தம்?” என்று சிரித்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அம்சவல்லிக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. அவள் சர்டிபிகேட்டுகள் எல்லாம் பள்ளிக்கூட பீரோவில் பத்திரமாக இருக்கின்றன என்றும் சொன்னான். நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

“சாரு ஒன்ன எப்பவும் விசாரிக்கிறாரு. வேலூருக்கு வந்துடு, ஹாஸ்டல்ல வாட்ச்மேன் ரூமு காலியா கீது, நீயும் ஒன் சம்சாரமும் தங்கிக்கலாம்ங்கறாரு. மவ கூடவே இருந்தா மாதிரியும் இருக்கும்.”

கெங்கம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் கீழே வைத்துவிட்டான். “தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க?” என்று கேட்டான். “பள்ளத்து ஊத்துலேர்ந்து” என்றாள். குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு ஸ்வீட்டை யாரும் தொடவில்லை. எறும்பு மொய்த்தபின் கெங்கம்மாள் வெளியே கொட்டினாள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் முதல் கடிதத்தில், எனக்கு ஒரு கெடுதலும் வராது என்று எழுதியிருந்தீர்கள். அதை மறுபடி ஒருமுறை, உங்கள் சொந்தப் பெயரில், தெளிவாக எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால் நான் யோசிப்பேன்.

இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம். ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருக்கும் மஜீத் பாய் பெயருக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டு முனியன் திங்கட்கிழமைதோறும் அங்கே புளி கொண்டுபோகிறான். வாங்கி வருவான்.

வேடியப்பன்


பெரியமேடு
9.4.1986

ஐயா,

அந்த வரியை என்னால் மறுபடி எழுத முடியாது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆதிநாராயணன் சாரிடம் போனேன். வேடியப்பன் அவர்களுக்கு ஒன்றும் வராது என்று எழுத்தில் கொடுங்கள் என்றேன். “மொதல்ல அவர் வந்து சொல்லட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அப்புறம் என்ன பார்ப்பீர்கள் என்று விடாமல் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. கையெழுத்திட்டவர் என்ற முறையில் வழக்கில் நீங்கள் இரண்டாம் எதிரி. நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அது மாறாது. வேலை போகும், ஓய்வூதியம் போகும். சிறைக்கும் போகக்கூடும். தண்டனையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அரசாங்க வக்கீல் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

பிப்ரவரியில் அவர் சொல்லச் சொன்னதை நான் அப்படியே எழுதினேன். அது நிஜமா என்று கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு விசாரிக்கிறவள் நான். ‘ஒரு கெடுதலும் வராது’ என்பதை மட்டும் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். அது பொய், ஐயா. உங்களுக்கு எழுதியவள் நான்தான், அவர் அல்ல.

இந்தக் கடிதம் அலுவலகத்துக்குத் தெரியாது.

கனீஸ் ஃபாத்திமா


அத்திக்கொல்லை
2.5.1986

அம்மா,

முனியன் உங்கள் கடிதத்தைக் கொடுத்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஒரு பக்கம் ஸ்வீட் பொட்டலத்தோடு வருகிறார்கள். இன்னொரு பக்கம் பிரெஞ்சோடு வருகிறார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது என் கை. அன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், இன்றைக்கு அந்தக் கையெழுத்தை அழிக்கச் சொல்கிறீர்கள். நடுவில் இருக்கிற ஆளுக்கு என்ன ஆகும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. நீங்கள் இப்போதாவது கேட்டீர்கள். அதற்கு நன்றி என்று எழுத என்னால் முடியவில்லை.

மலையில் நான்கு மாதமாக மழை இல்லை. உங்கள் விசாரணை சொல்லும் இரண்டு மிஷினில் ஒன்று ஒரே மாதத்தில் நின்றுபோனது. மற்றதை ஏதோ அவசரம் என்று கீழே கொண்டுபோனார்கள். அது திரும்பவில்லை. ஊர் முழுக்கப் பள்ளத்து ஊற்றைத்தான் நம்பியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை முனியன் சம்சாரம் சாந்தம்மாள் குடத்தோடு ஏறும்போது பாறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. போர்வையில் மூங்கில் கட்டி டோலியாக்கி நான்கு பேர் தூக்கினோம். முன்கொம்பில் முனியனும் நானும். பஸ் வரும் இடத்துக்கு இரண்டு மணி நேரம்.

வழியெல்லாம் அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். “அண்ணே, கொடம் இன்னாச்சு? ஒடைஞ்சிட்ச்சா?”

“கொடம் கெடக்குது, நீ சும்மா படு” என்றேன்.

“இன்னொரு கொடம் இல்லண்ணே வூட்ல.”

முனியன் என் பக்கம் திரும்பி, “இந்த மலைல நீதான் கவருமெண்ட்டு ஆளு. நீ கேட்டா குடுக்க மாட்டாங்களா மாமா, ஒரு மிஷினு? ஒண்ணே ஒண்ணு?” என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். நான் கேட்டால் கிடைக்கும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

வேடியப்பன்


பெரியமேடு
14.6.1986

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்ளாமல் வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் உங்கள் மகளைப் பார்த்தேன்.

ரம்ஜானுக்கு வாணியம்பாடி போகும் வழியில் காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போனேன். அலுவலகம் அனுப்பவில்லை. எனக்கு அங்கே போக உரிமையும் இல்லை. நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம். ஆனால் நடந்ததை, எனக்குச் சாதகமா பாதகமா என்று பார்க்காமல், அப்படியே எழுதுகிறேன்.

ஹாஸ்டல் வாசலில் பெயர் சொல்லிக் கேட்டேன். வந்தாள். நீல நிறப் புடவை, கையில் சாக்பீஸ் தூள். நான் யார் என்று சொன்னதும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்கு வந்தீங்க? எங்க அப்பாவ என்னா பண்ணப் போறீங்க?” என்றாள்.

நான் மறைக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன்.

“நீங்க நல்லவங்களாவே இருங்க. எங்கள வுட்டுடுங்க. எனக்கு இந்த வேல போச்சுன்னா வேற இல்ல. சர்டிபிகேட்ட குடுங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ‘ஏன், எங்க போற?’ன்னு கேக்கறாங்க. லீவுல ஊருக்குப் போவக்கூட ராஜாக்கண்ணு சாரு கையெழுத்து போடணும். அப்பா ஜெயிலுக்குப் போனா அம்மா எங்க இருக்கும்? வந்துடாதீங்க இனிமே.”

இவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். பேசச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லவில்லை. விட்டுவிடச் சொன்னாள். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

நான் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து கால்மணி நேரம் இருக்கும். பின்னாலேயே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. “நீங்க பேப்பர்ல இன்னான்னு எழுதப் போறீங்க? ஆறுன்னா?” என்று கேட்டாள்.

“எத்தனைன்னு உங்க அப்பாதாம்மா சொல்லணும்” என்றேன்.

“ரெண்டு. எனக்குத் தெரியும். அப்ப நான் ஒம்பதாவது. லாரில ஏத்திகினு வந்தப்ப நாங்க புள்ளைங்கல்லாம் பின்னாலயே ஓடனோம். ரெண்டுதான் வந்துச்சு. மலைல இருக்கற எல்லார்க்கும் தெரியும்.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

என் கடமை முடிந்தது. கோப்பில் இப்போதைக்கு அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் அதை நிரப்ப மாட்டேன்.

கனீஸ் ஃபாத்திமா


அத்திக்கொல்லை
7.7.1986

அம்மா,

என் மகளைப் போய்ப் பார்த்ததற்கு உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள் கடிதத்தை மறுபடி படித்தேன். ‘விட்டுவிடச் சொன்னாள்’ என்ற இடத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ‘அப்பாவைப் பேசச் சொன்னாள்’ என்றுகூட மாற்றியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்தக் கடிதத்தையே மடித்து முனியன் கையில் கொடுத்து அம்சவல்லிக்கு அனுப்பினேன். அதன் அடியில் ஒரு வரி எழுதினேன். ‘உன்னைக் கேட்காமல் நான் எங்கேயும் போய் எதுவும் சொல்ல மாட்டேன்.’

அடுத்த சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவளே வந்துவிட்டாள். கட்டிய புடவையும் ஒரு துணிப்பையும். சர்டிபிகேட் இல்லை. கேட்டிருக்கிறாள், பீரோ சாவி இல்லை என்றார்களாம். “லீவு லெட்டர் குடுத்தியா?” என்று கேட்டேன். “குடுக்கல. திரும்பிப் போனாத்தான லீவு” என்றாள்.

கெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, வந்தது வந்த. வெயில் சாய்றதுக்குள்ள போயி ரெண்டு கொடம் மொண்டுகினு வா” என்றாள். மகள் பள்ளத்துக்கு இறங்கிய பிறகுதான் கெங்கம்மாள் உள்ளே போய் அழுதாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

1979 நவம்பர் 19, திங்கட்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். பஞ்சாட்சரம் சார் ஜீப்பில் வந்தார். ராஜாக்கண்ணுதான் ஓட்டி வந்தான், என்ஜினை அணைக்கவில்லை. சார் கீழே இறங்கவுமில்லை. வரவுச் சீட்டை என்னிடம் நீட்டி, “நாலு மிஷின் ஹார்பர்ல நிக்குது. வர்ற வாரம் மேல வந்துடும். ஆறுன்னு போட்டுடு” என்றார்.

“வந்தப்புறம் போட்டுடறேன் சார்” என்றேன்.

“ஒன் பெர்மனென்ட் ஆர்டர் என் டேபிள் மேல கீது வேடியப்பா. அதுக்கும் வந்தப்புறம் பாக்கலாம்னு நான் சொல்லலாமா?”

பத்தொன்பது வருடம் தற்காலிக ஊழியனாக இருந்தேன் அம்மா, தெரியுமா? ஜீப்பின் முன்பக்கத் தகட்டின்மேல் வைத்துக் கையெழுத்திட்டேன். என்ஜின் அதிர்ச்சியில் எழுத்துக் கோணியிருக்கும். நீங்கள் அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் சொன்னதை அப்போது நம்பினேன் என்று எழுதலாம். உங்கள் அதிகாரிக்கும் அது போதுமாக இருக்கும், எனக்கும் தண்டனை குறையலாம். ஆனால் நான் நம்பவில்லை. பணம் எதுவும் வாங்கவில்லை. என் ஆர்டர் மூன்றாம் நாள் தபாலில் வந்தது. அன்று கெங்கம்மாள் சாமை அரிசியில் பொங்கல் வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

வந்தவை இரண்டு. வராததை வந்ததுபோல் காட்டிக் கையெழுத்திட்டேன். எந்தச் சொல் என்று கேட்டீர்கள். இந்தச் சொல்லைப் போடுங்கள்.

எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்று தெரிவியுங்கள். மஜீத் பாய்க்கு வேண்டாம். என் பெயருக்கே, அரசாங்க உறையிலேயே போடுங்கள்.

வேடியப்பன்


பெரியமேடு
3.9.1986

திரு. வேடியப்பன், விசாரணைக் கைதி
மத்திய சிறை, வேலூர்

ஐயா,

கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

ஜூலை 29ஆம் தேதி மாஜிஸ்திரேட் முன்னால் உங்களைப் பார்த்தபோது எனக்குத் தலைகூட அசைக்க அனுமதி இல்லை. ஜெனீவா நீதிபதி அனுப்பிய பதினான்கு கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டும், பதிலை எழுத வேண்டும், அவ்வளவே என்று சொல்லியிருந்தார்கள். கடிதம் எழுதியவள் நான்தான் என்று நீங்கள் கண்டுகொண்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வெள்ளைச் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதைச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏழாவது கேள்வி அது. “மலைக்கு வந்து சேர்ந்த இயந்திரங்கள் எத்தனை?” நீங்கள் “ரெண்டு” என்றீர்கள். காது கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார் எழுத்தர். “ரெண்டுங்க. ரெண்டுதான் வந்துச்சி” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னீர்கள். பஞ்சாட்சரத்தின் வக்கீல் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே உங்கள் மனைவியும் மகளும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். உங்களைப் போலீஸ் வேனில் ஏற்றும்போது நான் அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “நீதான அந்த லெட்டரு அம்மா? சாப்ட்டியா?” என்று உங்கள் மனைவிதான் முதலில் கேட்டார்.

ஆகஸ்ட் 27 அன்று ஜெனீவாவிலிருந்து தந்தி வந்தது. முடக்கத்தை நீட்டித்துவிட்டார்கள். கணக்குத் திறக்கவில்லை. நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது.

அனுமதி இல்லாமல் வேலூர் போனதற்கும் உங்களுக்குக் கடிதம் எழுதியதற்கும் எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து பழைய கோப்புகள் அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. உங்கள் நிலைமையோடு சேர்த்துச் சொல்ல அது ஒரு விஷயமே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கனீஸ் ஃபாத்திமா


மத்திய சிறை, வேலூர்
19.7.1987

ஃபாத்திமா அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பஞ்சாட்சரம் சார் ஜெனீவாவில் போட்ட மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது, பணத்தை நம் அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். பக்கத்துக் கொட்டடியில் இருப்பவருக்கும் படித்துக் காட்டினேன். ‘அவ்ளோ தூரத்துல இருக்கறவங்க நம்ம மலைக்கு இன்னாத்துக்கு இத்தினி பாடு பட்டாங்க’ என்று கேட்டார். ஒரு நீதிபதி ஒழுங்காகக் கேள்வி கேட்டார், நீங்கள் ஒழுங்காக எழுதினீர்கள் என்றேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதால் எனக்குப் பதினெட்டு மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே வந்த நாளும் அதில் சேரும். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. நூல் நூற்கும் அறையில் வேலை. சாயந்தரம் ஐந்தரைக்குப் பூட்டுகிறார்கள். முதல் மாதம் அந்தப் பூட்டுச் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன். கிடங்கைப் பூட்ட மறந்துவிட்டேனோ என்று. இப்போது உட்கார்ந்தே இருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜாமீன் ரத்தாகி பஞ்சாட்சரம் சாரும் இங்கேதான் இருக்கிறார். சர்க்கரை வியாதி முற்றிவிட்டது, ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கட்டு. நான் பழக்கத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“வா, ஒக்காரு” என்றார். உட்காரவில்லை.

“நான் ஒனக்கு இன்னாய்யா கெட்டது பண்ணேன்? வேல குடுத்தேன். ஒன் மவளுக்குக் குடுத்தேன். எதுக்கு இப்படிப் பண்ண?”

பதில் நிறைய வைத்திருந்தேன் அம்மா. ஒரு வருடமாகப் படுத்துக்கொண்டே மனதில் எழுதி வைத்தவை. சாந்தம்மாள் கால் வளைந்தே கூடியது, சர்டிபிகேட், ஜீப்பு, எல்லாம்.

“ரெண்டுதான் சார் வந்துச்சி” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரியும் சார். நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வார்டன் வந்து கூப்பிடும் வரை நின்றிருந்தேன். அவருக்குத் தாகமாக இருந்திருக்க வேண்டும், கையை நீட்டித் துழாவினார். செம்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்சவல்லி சர்டிபிகேட் கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை மலையில் பீடி இலை கட்டும் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறாள். சம்பளம் இல்லை. மாலையில் ஆளுக்கொரு குடம் தண்ணீர் வீட்டில் ஊற்றிவிட்டுப் போகிறார்களாம்.

கெங்கம்மாள் மாதம் ஒருமுறை மனு போட்டுப் பார்க்க வருகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பணம் திரும்பி வரப்போகிறது, நான்கு மிஷினும் வாங்கலாம் என்றேன். எப்போது வரும் என்று கேட்டாள். அந்த நாட்டிலிருந்து டெல்லிக்கு வரும், டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும், சென்னையிலிருந்து வேலூருக்கு வரும், அதற்குப் பிறகு டெண்டர், அதற்குப் பிறகு மலைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு கையை உதறிவிட்டாள்.

“நீதான்யா முன்னால வருவ” என்றாள்.

வேடியப்பன்